ஆம்பூர் ஷூவும் பிரேசில் ஸ்டாப்பரும்

2018 மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஐ.எஸ்.எல். கால்பந்து இறுதி ஆட்டம். ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி பெங்களூருவுக்கு முதல் கோலைப் போட்டுவிட்டார். சொந்த மைதானம், சொந்தக் கூட்டம், லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணி வேறு. சென்னையின் எப்.சி. கதை அத்தோடு முடிந்தது என்றுதான் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த பலரும் நினைத்திருப்பார்கள்.

எட்டு நிமிடம் கழித்துச் சென்னைக்கு ஒரு கார்னர். கிரெகரி நெல்சன் அடித்த பந்து கோல் வாசலுக்கு வளைந்து வந்தது. கூட்டத்துக்கு மேலே எழும்பிய ஒரு தலை அதை வலைக்குள் தள்ளியது. இடைவேளைக்குச் சற்று முன் இன்னொரு கார்னர். அதே நெல்சன், அதே தலை. இரண்டாம் பாதியில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது கோலை அடித்தார். கடைசி நேரத்தில் மிக்கு ஒன்றைத் திருப்பியும் பெங்களூருவுக்குப் பயனில்லை. 3–2. கோப்பை சென்னைக்கு.

அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் மெய்ல்சன் ஆல்வெஸ். பிரேசில்காரர். நம் ஊர் மைதான பாஷையில் ஸ்டாப்பர். கோல் விழாமல் தடுப்பதுதான் அவர் வாங்கும் சம்பளத்துக்கு வேலை. இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்து ஆட்ட நாயகன் விருதையும் வாங்கிக்கொண்டு போனார். 2015இல் சென்னை முதல் கோப்பையை வென்ற அணியிலும் இருந்தவர். தமிழ்நாட்டின் பெயரில் ஆடிய அணிக்கு இவ்வளவு செய்த மனிதரைத் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஐ.பி.எல்.லில் ஒரு சிக்ஸர் அடித்தவர் பெயர் தெரிகிற அளவுக்குக்கூடத் தெரியாது.

சென்னைக்கும் பெங்களூருவுக்கும் ஏறக்குறைய நடுவில், அதே நெடுஞ்சாலையில் இருக்கிறது ஆம்பூர். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரம். 2019இல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாக உடைத்தபோது இந்த ஊர்கள் வெவ்வேறு மாவட்டங்களுக்குப் போயின. தொழில் என்னவோ இன்னும் ஒன்றுதான். விடியற்காலையில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும் ஷூ கம்பெனி பஸ்கள், தோல் ஷாப்புகளின் வாசனை, ஐரோப்பிய, அமெரிக்கப் பிராண்டுகளுக்காகத் தைக்கப்படும் அப்பர்கள்.

இந்த வட்டாரத்தில் நின்று ஒரு பிரேசில் பின்கள வீரரைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. பிரேசில் கால்பந்து வீரரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்வது, பந்து தெரிந்தவரைவிடத் தோல் தெரிந்தவருக்குச் சுலபம்.

தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இது பாலபாடம். உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலுக்கு ஒரு விலை. ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு முடி நீக்கி, சதை வழித்து, குரோம் ஏற்றி நீல நிறத்தில் டிரம்மிலிருந்து எடுத்தால் வெட் புளூ. அதற்கு வேறு விலை. சீவி, சாயமேற்றி உலர்த்தினால் கிரஸ்ட். பினிஷிங் முடிந்தால் இன்னொரு விலை. வெட்டித் தைத்து ஷூவாக்கிப் பெட்டியில் வைத்தால் வருவது எங்கோ நிற்கும் விலை. ஆடு ஒன்றுதான். எந்தக் கட்டத்தில் ஊரைவிட்டு வெளியே அனுப்புகிறோம் என்பதில்தான் லாபம் யாருக்கு என்பது தீர்மானமாகிறது.

மதராஸ் மாகாணம் இந்தப் பாடத்தைப் படிக்க நூறாண்டுக்கு மேல் ஆனது. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் லண்டன் சந்தைக்குக் கப்பலேறியது. அதை அங்கே மெருகேற்றி விற்றவர்கள் சம்பாதித்தார்கள். 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு இந்திய அரசு கடிவாளம் போட்டது. முழுப்பதமாக்கி அனுப்பு, முடிந்தால் ஷூவாகவே அனுப்பு என்பதுதான் உத்தரவின் சாரம். ஆம்பூரில் இன்று இருக்கும் ஷூ கம்பெனிகளின் வரலாறு அங்கிருந்து கிளம்புகிறது. சுவாரசியம் என்னவென்றால், பிரேசிலும் பின்னாளில் வெட் புளூ ஏற்றுமதிக்கு வரி போட்டுப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. தன் தோலைத் தடுத்து நிறுத்தப் பார்த்த அந்த நாடு, தன் கால்பந்து வீரர்களை மட்டும் பச்சையாகவே விட்டுவிட்டது.

லூசியோவை எடுத்துக்கொள்வோம். மெய்ல்சனைவிட ஆயிரம் மடங்கு பெயர் பெற்றவர். கடைசியில் அவரும் இந்தியாவுக்குத்தான் வந்தார். முழுப் பெயர் லூசிமார் டா சில்வா ஃபெரைரா. 1978 மே 8ஆம் தேதி, தலைநகர் பிரசீலியாவை ஒட்டிய பிளானால்டினாவில் பிறந்தார். ரியோவோ சாவ் பாவ்லோவோ இல்லை. கால்பந்து வரைபடத்தில் ஒரு மூலை. 1997இல் குவாரா என்ற சிறிய கிளப்புக்காக பிரேசில் கோப்பையில் ஆடினார். எதிரணி, தெற்கே போர்டோ அலெக்ரியின் இன்டர்நேஷனல். குவாரா ஏழு கோல் வாங்கித் தோற்றது, ஒன்றுகூடத் திருப்பவில்லை. ஏழு கோல் விட்ட அணியின் ஸ்டாப்பரை யாராவது தேடிப்போய் எடுப்பார்களா? இன்டர்நேஷனல் எடுத்தது. குவியலில் கிடக்கும் நூறு தோலைத் தடவிப் பார்த்து ஒன்றை மட்டும் உருவி எடுக்கும் தரம் பிரிப்பவரின் விரல் அந்த கிளப்பில் யாருக்கோ இருந்திருக்கிறது.

2001 தொடக்கத்தில், 22 வயதில், ஜெர்மனியின் பேயர் லெவர்குசனுக்குப் போனார். வெட் புளூ பருவம் என்று வைத்துக்கொள்ளலாம். 2001–02 பருவத்தில் லெவர்குசன் மூன்று பட்டங்களுக்குப் போட்டியிட்டு மூன்றிலும் இரண்டாமிடம் வந்தது. அதில் ஒன்று சாம்பியன்ஸ் லீக். கிளாஸ்கோவில் 2002 மே 15 அன்று ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே ஒரு கோல் விழ, அதைத் தலையால் முட்டிச் சமன் செய்தவர் லூசியோ. ஆனால் அந்த ஆட்டம் என்றால் உலகம் நினைவில் வைத்திருப்பது ஜினெதின் ஜிதானின் இடது கால் வாலியை. அந்தப் பந்தை வானத்துக்குத் தூக்கிக் கொடுத்தவர் இன்னொரு பிரேசில் பின்கள வீரர் ராபர்டோ கார்லோஸ். பின்வரிசைக்காரர்கள் அடித்த கோலும் கொடுத்த பந்தும் அடிக்குறிப்பாகிவிட்டன.

அடுத்த இரண்டு வாரத்தில் உலகக் கோப்பை. ஏழு ஆட்டத்திலும் லூசியோ ஆடினார். காலிறுதியில் ஜப்பானின் ஷிசுவோகாவில், இங்கிலாந்துக்கு எதிராக ஒரு நீளமான பந்தை அடக்கத் தவறினார். அது மைக்கேல் ஓவன் காலடியில் விழுந்து கோலானது. முன்வரிசை வீரன் பத்து வாய்ப்பை வீணடித்து ஒன்றை அடித்தால் தோளில் தூக்குவார்கள். ஸ்டாப்பர் பத்தைத் தடுத்து ஒன்றை விட்டால் அந்த ஒன்றைத்தான் காலம் முழுக்கப் போட்டுக் காட்டுவார்கள். ரிவால்டோவும் ரொனால்டினியோவும் அன்று காப்பாற்றினார்கள். ஜூன் 30 யோகோஹாமாவில் பிரேசில் 2–0 என்று ஜெர்மனியை வென்றபோது பின்வரிசையில் லூசியோ, எட்மில்சன், ரோக்கே ஜூனியர்.

2004இல் பேயர்ன் மியூனிக். மூன்று லீக் பட்டம், மூன்று ஜெர்மன் கோப்பை. 2006 உலகக் கோப்பையில் தொடர்ந்து 386 நிமிடம் ஒரு ஃபவுல்கூடச் செய்யாமல் ஆடி சாதனை படைத்தார். என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையில் மிகப் பெரிய எண் இதுதான். எதிராளியின் காலைத் தட்டிவிடாமல், சட்டையைப் பிடித்து இழுக்காமல், நான்கு ஆட்டத்துக்கும் மேல் ஒரு ஸ்டாப்பர் தடுத்து ஆடுவது என்பது தையல் பிசகாத வேலை. ஆனாலும் அந்த ஆண்டு பிரேசில் காலிறுதியில் பிரான்சிடம் தோற்றது. 386 அங்கேயே புதைந்தது. 2009 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதியில், அமெரிக்காவிடம் இரண்டு கோல் பின்தங்கியிருந்த பிரேசில் சமன் செய்த பிறகு, 84ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி வென்று கொடுத்த கேப்டனும் அவரே.

அந்தக் கோடையில் பேயர்ன் அவரை விற்றது. வாங்கிய இன்டர் மிலன் அடுத்த ஆண்டே இத்தாலி லீக், இத்தாலி கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் அள்ளியது. 2010 மே 22 மாட்ரிட் இறுதியில் எதிரே நின்றது அவரை விற்ற அதே பேயர்ன்! 2–0. ஆட்டம் முடியும் தறுவாயில் இன்டர் அணிக்காக ஒரு மாற்று வீரர் களமிறங்கினார். பெயர் மார்கோ மத்தராஸி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிதானின் தலை முட்டியது இவர் நெஞ்சில்தான்.

ஐந்து ஆண்டு கழித்து இந்தக் கதை நம் பக்கம் வருகிறது. 2015 ஐ.எஸ்.எல். பருவத்தின் பட்டியலைப் பார்த்தால் ஐரோப்பாவின் பழைய ஆல்பத்தைப் புரட்டுவதுபோல இருக்கும். சென்னையின் எப்.சி. பயிற்சியாளர் மத்தராஸி. டெல்லி டைனமோஸின் ஆடும் பயிற்சியாளர் ராபர்டோ கார்லோஸ். எப்.சி. கோவாவுக்குப் பயிற்சியாளர் ஜிகோ, பின்வரிசையில் 37 வயது லூசியோ. அரையிறுதியில் கோவா டெல்லியை வெளியேற்றியது. சென்னையில் டிசம்பர் வெள்ளம். நம் அணி தன் சொந்த அரையிறுதி ஆட்டத்தைப் புனேவுக்குப் போய் ஆட வேண்டியதாயிற்று. அங்கே கொல்கத்தாவை 3–0 என்று வென்று இறுதிக்கு வந்தது.

டிசம்பர் 20, ஃபட்டோர்டா மைதானம். 89ஆவது நிமிடத்தில் கோவா 2–1 என்று முன்னிலை. அடுத்த சில நிமிடங்களில் கோவா கோல்கீப்பர் கையில் பட்டே ஒரு சுய கோல், பிறகு ஸ்டீவன் மெண்டோசாவின் கடைசி கோல். 3–2. உலகக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் இரண்டையும் கையில் ஏந்திய ஸ்டாப்பரின் அணி தோற்றது. பெயர் தெரியாத பிரேசில் ஸ்டாப்பர் மெய்ல்சனின் அணி வென்றது. அடுத்த ஆண்டு கோவா கடைசி இடம். லூசியோ ஊர் திரும்பி, சிறிய கிளப்புகளில் சில காலம் ஆடி, 2020 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார். பிரேசிலுக்காக 105 ஆட்டம்.

இந்தப் பயணத்தில் பணம் எங்கே சேர்ந்தது என்று பாருங்கள். பச்சைத் தோலாக இருந்தபோது பிளானால்டினா. பதமானது போர்டோ அலெக்ரியில். பினிஷிங் லெவர்குசனிலும் மியூனிக்கிலும். ஷோரூமில் வைத்தது மிலன். நம் கைக்கு வந்தபோது சோல் தேய்ந்திருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வயதான லூசியோவிடமிருந்தும் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. ஆனால் நாம் கற்றுக்கொள்ளும்படி அந்த லீக் அமைக்கப்படவில்லை. முதல் மூன்று பருவங்களில் ஒரு அணி களத்தில் ஆறு வெளிநாட்டவரை ஆட வைக்கலாம். நட்சத்திரம் வேண்டுமென்று முன்வரிசைக்கு ஒருவர், நம்பிக்கை வேண்டுமென்று நடுப் பின்வரிசைக்கு இருவர் என்று கிளப்புகள் வாங்கின. இந்தியப் பையன்களுக்கு மிஞ்சியது பெரும்பாலும் ஓரத்து பேக் இடங்கள். 2017–18இல் ஐந்தாகவும், 2021–22 முதல் நான்காகவும் குறைத்த பிறகுதான் உள்ளூர் ஸ்டாப்பருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது.

வாய்ப்புக் கிடைத்தால் நம்மவரும் செய்வார் என்பதற்குக் கோவை சாட்சி. மெய்ல்சன் இரண்டு கோல் அடித்து ஓராண்டு கழித்து, 2019 மார்ச் 9 அன்று, கோவை நேரு மைதானத்தில் சென்னை சிட்டி எப்.சி. ஐ-லீக் பட்டத்தை வென்றது. மினர்வா பஞ்சாபுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் பின்தங்கி, 3–1 என்று மீண்ட அன்று இரண்டு கோல் அடித்தவர் அசாம் பின்கள வீரர் கவுரவ் போரா.

இப்போது ஆம்பூருக்கு ஒரு சகோதர ஊரைச் சொல்கிறேன். லூசியோவின் முதல் பெரிய கிளப் இருந்த போர்டோ அலெக்ரியிலிருந்து 40 கிலோமீட்டர் வடக்கே நோவோ ஹம்புர்கோ. சினோஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஜெர்மானியக் குடியேறிகள் கொண்டுவந்த தோல் தொழில், பிறகு ஷூ கம்பெனிகள், அமெரிக்க ஏற்றுமதி. பிரேசிலின் காலணித் தலைநகரம் என்றே அந்த ஊருக்குப் பெயர். ஆறும் நம் பாலாறு போலவே அடிபட்டது. 2006 அக்டோபரில் சினோஸில் டன் கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன. பாலாற்றுக்கு 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது; சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் 'வேலூர் வழக்கு' என்றே அதைப் படிக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இறக்குமதி வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது ஒரே மாதத்தில் மாட்டிக்கொண்டவை இரண்டு நாடுகள்: பிரேசில், இந்தியா. நோவோ ஹம்புர்கோ முதலாளிக்கும் ஆம்பூர் முதலாளிக்கும் அந்த மாதம் ஒரே தலைவலி.

ஒரு விஷயத்தில் மட்டும் இரு ஊருக்கும் ஒட்டவே ஒட்டாது. 1911 மே 1ஆம் தேதி நோவோ ஹம்புர்கோவில் ஒரு ஷூ கம்பெனித் தொழிலாளர்கள் சேர்ந்து கால்பந்து கிளப் ஒன்றைத் தொடங்கினார்கள். ஊர்ப் பெயரே கிளப் பெயர். நூறாண்டுக்கு மேல் பெரிய கிளப்புகளின் நிழலில் ஆடிக்கொண்டே இருந்தது. 2017இல் அது ரியோ கிராண்டே டோ சுல் மாநிலப் பட்டத்தை வென்றது. இறுதியில் இரண்டு ஆட்டமும் டிரா ஆகி, பெனால்டியில் அது சாய்த்தது எந்த அணியைத் தெரியுமா? லூசியோவைக் குவாராவிலிருந்து தூக்கிப் போன அதே இன்டர்நேஷனலை.

ஆம்பூரில், வாணியம்பாடியில், ராணிப்பேட்டையில் அப்படி ஒரு கிளப் ஏன் இல்லை? பணம் இல்லையா? இருக்கிறது. உடல் உழைப்புக்கு அஞ்சாத பிள்ளைகள் இல்லையா? வேலூரின் சத்துவாச்சாரியிலிருந்து புறப்பட்ட சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் பளுதூக்குதலில் தங்கம் வென்றார். இந்த மண்ணின் தொடைக்கும் தோளுக்கும் அதைவிட என்ன சான்று வேண்டும்? அவரைப் போன்றவரை உருவாக்கும் ஒரு பளுதூக்குதல் மையத்தால் ஒரு வட்டாரத்தையே மாற்ற முடியும் என்றால், ஒரு கால்பந்து மையத்தாலும் முடியும். சென்னை வியாசர்பாடியில் நடந்தது. அங்கே குடிசைப் பிள்ளைகளுக்கான ஒரு சிறிய அமைப்பும் தெருவோர மைதானமும்தான் முதலீடு. அந்தப் பகுதியின் தனபால் கணேஷ் 2017–18இல் கோப்பை வென்ற சென்னை அணியின் நடுக்களத்தைத் தாங்கினார், நந்தகுமார் சேகர் கொல்கத்தா டெர்பியில் ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றி கோல் அடித்தார்.

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்தில் கணக்கு சொல்லாமல் எதுவும் நகராது. லூசியோ ஜெர்மனி போன அதே 2001இல் ஃபிஃபா ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு வீரர் ஒரு நாட்டு கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு விலைபோகும் ஒவ்வொரு முறையும், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். முதல் நான்கு ஆண்டுக்கு ஆண்டுக்குக் கால் சதவீதம், பிறகு ஆண்டுக்கு அரை சதவீதம். ஆம்பூர் கிளப்பில் அந்த முதல் நான்கு ஆண்டு பந்து பழகிய பையன் என்றோ ஒருநாள் பத்து லட்சம் யூரோவுக்கு வெளிநாடு மாறினால் ஊருக்குப் பத்தாயிரம் யூரோ வரும். இன்னொரு முறை விற்றால் இன்னொரு முறை வரும். தோலில் இப்படி ஒரு விதி இருக்கிறதா? பேரணாம்பட்டில் பதனிட்ட தோல் மிலன் கடையில் என்ன விலைக்குப் போனாலும் பேரணாம்பட்டுக்கு ஒரு காசு திரும்பி வராது. முதல் கைக்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட ஏற்றுமதி, எனக்குத் தெரிந்து கால்பந்து வீரர் ஏற்றுமதி ஒன்றுதான்.

ஐ.எஸ்.எல். தொடரே 2025இல் ஒப்பந்தச் சிக்கலில் நிறுத்திவைக்கப்பட்டுத் தள்ளாடியது, இந்த நேரத்தில் புது கிளப் எதற்கு என்று கேட்பார்கள். மேல்மாடி ஆடும்போது அஸ்திவாரம் போடக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. இன்னொரு மாற்றமும் கண்ணெதிரே நடக்கிறது. கங்காரு தோலைக் கைவிடுவதாக நைகியும் பூமாவும் 2023இல் அறிவித்தன. இன்றைய கால்பந்து பூட்ஸ் பெரும்பாலும் செயற்கை இழை. செய்யாறிலும் பனப்பாக்கத்திலும் தைவான் நிறுவனங்கள் தோல் அல்லாத விளையாட்டுக் காலணிக்காக வருகின்றன. இனி இந்த வட்டாரத்துப் பெண்கள் தைக்கப்போவது ஆபீஸ் ஷூவைவிட அதிகமாக விளையாட்டு ஷூதான். தைக்கிற ஷூவை மாட்டிக்கொண்டு ஆட அவர்கள் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் வேண்டாமா?

2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் காட்டும் நிறுவனம் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொல்கிறது. விளையாட்டுப் பயிற்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. வட்டாரத்தின் பெரிய ஷூ கம்பெனிகள் நான்கைந்து சேர்ந்தால் போதும்: ஒரு மைதானம், உரிமம் பெற்ற இரண்டு பயிற்சியாளர்கள், 13 வயதுக்குட்பட்டோர் அணி ஒன்று, பெண்கள் அணி ஒன்று. ஸ்டாப்பர்களைத் தனியாகக் கவனியுங்கள். கோல் அடிக்க எல்லாப் பையன்களும் வரிசையில் நிற்பார்கள். கிளப்பைத் தொடங்க நாள் பார்க்க வேண்டுமென்றால், நோவோ ஹம்புர்கோக்காரர்கள் பார்த்த மே 1 நல்ல நாள். அன்று ஷூ கம்பெனிகளுக்கும் விடுமுறைதான்.